எண்களைப் பங்கிட்ட வரலாறு

முகவரி என்பது ஒருவர் இருக்கும் இடத்தைப் பிறர்க்கு அறிவிக்கும் அடையாளம். ஊர் சிறிதாயிருந்த காலத்தில் பெயரே முகவரியாகப் பயன்பட்டது. ஊர் பெருகியபோது தெருவுக்குப் பெயரும் வீட்டுக்கு எண்ணும் வேண்டியனவாயின. நகரங்கள் பெருகியபோது அஞ்சற் குறியீட்டெண் தோன்றியது. கணினிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறத் தொடங்கியபோதும் இதே தேவை எழுந்தது. அனுப்பும் கருவிக்கும் பெறும் கருவிக்கும் ஐயத்திற்கு இடமற்ற ஓர் அடையாளம் வேண்டும். அவ்வடையாளமே இணைய நெறிமுறை முகவரி, சுருக்கமாக ஐ.பி. முகவரி என்பர்.

இன்று நம் பள்ளிகளில் உள்ள கணினியும் அச்சுப்பொறியும், மாணவர் கையிலுள்ள கைப்பேசியும் இத்தகைய எண்ணொன்றைப் பெற்றே வலையில் இயங்குகின்றன. அவ்வெண்களை நாள்தோறும் பயன்படுத்துவோர் கோடிக்கணக்கானோர்; அவை எவ்வாறு பங்கிடப்பட்டன என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. எண்ணுக்கு எல்லை இல்லை என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். இணையத்தின் எண்களுக்கோ எல்லை உண்டு. எல்லைக்கு உட்பட்ட பொருள் எதுவாயினும், அதனைப் பங்கிடும் முறையில்தான் மனிதரின் அறிவும் அறவுணர்வும் வெளிப்படுகின்றன. இணைய எண்களுக்கு நேர்ந்த முதற் பஞ்சம், எண்கள் தீர்ந்துபோனமையால் நேர்ந்ததன்று. அவற்றைப் பிரித்த முறையால் நேர்ந்தது. அப்பஞ்சத்தைத் தணித்ததும் பிரிக்கும் முறையில் செய்யப்பட்ட திருத்தமே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

256 போதும் என்ற காலம்

இணையத்தின் முன்னோடி ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் உருவான அவ்வலையில், 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் முதற் செய்தி அனுப்பப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் அதில் இணைந்திருந்த இடங்கள் நான்கே. நான்கு இடங்களுக்கு முகவரி வகுப்பது அரிய செயலன்று. ஆனால் காலப்போக்கில் வானொலி வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் இயங்கும் வேறு வலைகள் தோன்றின. தனித்தனி வலைகளை ஒன்றோடொன்று இணைப்பது எப்படி என்ற வினா பிறந்தது.

விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இவ்வினாவுக்கு விடை கூறியது. வலையைக் குறிக்க 8 பிட் ஒதுக்கலாம் என்று அவர்கள் அதில் வரைந்தனர். பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம். எட்டு இலக்கங்களைக் கொண்டு 256 வலைகளைக் குறிக்கலாம். கண்ணுக்கெட்டிய காலம்வரை இத்தொகை போதுமானது என்றே அவர்கள் கருதினர். இதனைக் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. அன்று கணினி என்பது ஓர் அறையை நிரப்பும் பெரும்பொறி. வலை என்பது நாடளாவிய ஒரு பெருமுயற்சி. உலகில் 256 வலைகள் தோன்றும் என எண்ணியதே அந்நாளில் துணிவுதான்.

முகவரியின் மொத்த நீளம் எவ்வளவாக இருத்தல் வேண்டும் என்பது பற்றி 1977ஆம் ஆண்டில் நீண்ட விவாதம் நிகழ்ந்தது. 128 பிட் வேண்டும் என்றோரும் உளர்; நீளம் வேண்டியவாறு மாறலாம் என்றோரும் உளர். முடிவில் செர்ஃப் 32 பிட் என்று தீர்மானித்தார். 32 பிட் தரும் எண்கள் 4,294,967,296. ஏறத்தாழ 429 கோடி. அஃது ஒரு சோதனைக்கெனச் செய்த முடிவு என்றும், சோதனை முடிவுறாமல் அதுவே உலக வழக்காகிவிட்டது என்றும் செர்ஃப் பிற்காலத்தில் பலமுறை கூறியுள்ளார்.

மூன்று வகுப்புகள்

1981ஆம் ஆண்டு செப்டம்பரில் இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு, ஆர்.எஃப்.சி. 791 என்னும் ஆவணமாக வெளிவந்தது. 'கருத்துரை வேண்டப்படுகிறது' என்பது அவ்வாவண வரிசையின் பெயர்ப்பொருள். அதன் பதிப்பாசிரியர் ஜான் போஸ்டல். எந்த எண் எவருக்கு வழங்கப்பட்டது என்ற கணக்கைத் தொடக்க ஆண்டுகளில் காத்துவந்தவரும் அவரே. 1998ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் மறையும்வரை இணையத்தின் ஒழுங்குக்கு உழைத்த பெருமகன் அவர்.

32 பிட்டை நான்கு எட்டுகளாகப் பகுத்து, இடையே புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். முகவரியின் முற்பகுதி வலையைக் குறிக்கும். பிற்பகுதி அவ்வலைக்குள் இருக்கும் கருவியைக் குறிக்கும். இவ்விரு பகுதிகளுக்கும் இடையே கோட்டினை எங்கே கிழிப்பது? 1981இல் மூன்று வகுப்புகள் வகுக்கப்பட்டன. 'ஏ' வகுப்பில் முதல் எட்டுக்குப் பின் கோடு விழும். ஒவ்வொரு வலைக்கும் 16,777,216 எண்கள். 'பி' வகுப்பில் பதினாறு பிட்டுக்குப் பின் கோடு விழும். ஒவ்வொன்றுக்கும் 65,536 எண்கள். 'சி' வகுப்பில் இருபத்து நான்கு பிட்டுக்குப் பின் கோடு. ஒவ்வொன்றுக்கும் 256 எண்கள்.

இதில் ஒரு நுட்பம் இருந்தது. முகவரியின் முதற் சில பிட்டுகளைப் பார்த்த மாத்திரத்தில் அஃது எவ்வகுப்பு என்பது விளங்கிவிடும். அக்காலப் பொறிகளின் ஆற்றலுக்கு அவ்வெளிமை இன்றியமையாததாக இருந்தது. ஆயினும் இம்முறையில் ஒரு பெருங்குறையும் மறைந்திருந்தது. கோடு முகவரிக்குள்ளேயே நிலைபெற்றுவிட்டது. தேவைக்கேற்ப அதனை நகர்த்த வழியில்லை. மேலும், மொத்த எண்களில் சரிபாதி 'ஏ' வகுப்புக்குச் சென்றது. 128 வலைகளே அடங்கிய அவ்வகுப்பிலும் இரண்டு விலக்கப்பட்டமையின், உலகின் பாதி எண்கள் 126 பங்குகளுக்குள் முடங்கின. 1983ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ஆர்ப்பாநெட் இப்புதிய நெறிமுறைக்கு மாறியது.

தோட்டமும் லயமும்

1980களின் தொடக்கத்தில் ஈத்தர்நெட் முதலிய உள்ளூர் வலைகள் பரவின. அதுவரை ஒரு பல்கலைக்கழகத்திற்கு ஒரு வலை என்றிருந்த நிலை மாறி, ஒவ்வொரு துறையும் தனக்கென ஒரு வலையை நிறுவிக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வலையெண் கேட்டால் இரண்டு தீங்குகள் விளையும். எண்கள் விரைவில் குறையும் என்பது ஒன்று. உலகெங்கும் உள்ள திசைவிகள், அதாவது ரௌட்டர்கள், அத்தனை வலைகளையும் தம் பட்டியலில் தாங்க வேண்டும் என்பது மற்றொன்று.

நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களை நினைவுகூர்ந்தால் இதற்குரிய தீர்வு எளிதில் விளங்கும். தோட்டத் தொழிலாளி ஒருவருக்கு வரும் கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இருக்கும். வெளியிலிருந்து வரும் அஞ்சற்காரர் எந்த லயத்தில் எந்த வீடு என்பதை அறிய வேண்டுவதில்லை. தோட்ட அலுவலகத்தில் சேர்த்துவிட்டால் அவர் கடமை முடிந்தது. எந்தப் பிரிவு, எந்த லயம் என்பதை அலுவலகத்துக் கிராணி அறிவார். உள்ளமைப்பு உள்ளிருப்பவர்க்கு, வெளியுலகுக்கு ஒரே பெயர்.

வலைத்துறையில் இவ்வழியை ஆவணமாக்கியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜெஃப்ரி மோகுல். 1984ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 917 என்னும் ஆவணத்தில் அவர் தம் கருத்தை முன்வைத்தார். 1985ஆம் ஆண்டு ஆகஸ்டில் போஸ்டலுடன் இணைந்து ஆர்.எஃப்.சி. 950 ஆக அதனை நெறிமுறையாக்கினார். சப்நெட் எனப்படும் துணைப்பிணையம் அன்றுமுதல் நிலைபெற்றது. ஒரு நிறுவனம் தனக்குக் கிடைத்த எண் தொகுதியில், கருவியைக் குறிக்கும் பகுதியிலிருந்து சில பிட்டுகளை எடுத்து உட்பிரிவுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். வெளியார்க்கு அஃது ஒரே வலையாகத் தோன்றும். உள்ளே பல வலைகளாகப் பிரிந்து நிற்கும். இருபடியாக இருந்த முகவரி, வலை, துணைப்பிணையம், கருவி என மூன்று படிகளாயிற்று.

ஒரு கணக்கு

இதனைக் கணக்கு வழியாகக் காண்போம். ஒரு பள்ளிக்கு 192.168.10.0 முதல் 192.168.10.255 வரை 256 எண்கள் உள்ளன எனக் கொள்க. அலுவலகம், ஆசிரியர் அறை, கணினிக்கூடம், நூலகம் ஆகிய நான்கும் தனித்தனி வலைகளாக இயங்க வேண்டும். நான்கு பிரிவுகளைக் குறிக்க இரண்டு பிட் போதும்: 00, 01, 10, 11. இறுதி எட்டின் முதல் இரண்டு பிட்டுகளைப் பிரிவுக்கு ஒதுக்கினால், எஞ்சிய ஆறு பிட் ஒவ்வொரு பிரிவுக்கும் 64 எண்களைத் தரும். அவை முறையே 0 முதல் 63 வரை, 64 முதல் 127 வரை, 128 முதல் 191 வரை, 192 முதல் 255 வரை என அமையும்.

ஒவ்வொரு பிரிவிலும் முதலெண் அப்பிரிவையே குறிக்கும். இறுதியெண் பிரிவிலுள்ள கருவிகள் அனைத்தையும் ஒருங்கே அழைப்பதற்கு உரியது. ஆகவே கருவிகளுக்கு வழங்கத்தக்கவை 62. 1985ஆம் ஆண்டு விதி இன்னும் கடுமையானது. முதற் பிரிவையும் இறுதிப் பிரிவையும் அது விலக்கி வைத்தது. அதன்படி நான்கில் இரண்டே பயன்படும். அக்கட்டுப்பாடு பிற்காலத்தில் நீங்கியது.

கோடு எங்கே விழுகிறது என்பதைக் கருவிக்கு அறிவிப்பது சப்நெட் மாஸ்க் என்னும் துணையெண். கோட்டிற்கு முன்னுள்ள பிட்டுகளை 1 என்றும் பின்னுள்ளவற்றை 0 என்றும் எழுதினால் அது கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் அது 255.255.255.192. இறுதி எட்டு இருமக் கணக்கில் 11000000. அதன் மதிப்பு 192. இப்பொழுது 192.168.10.77 என்னும் கருவி எப்பிரிவைச் சேர்ந்தது? 77 என்பது 64, 8, 4, 1 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. இரும வடிவில் 01001101. இதனை மாஸ்க்குடன் பொருத்தி, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 எழுதினால் 01000000 கிடைக்கும், அதாவது 64. எனவே அக்கருவி 64இல் தொடங்கும் இரண்டாம் பிரிவைச் சார்ந்தது. ஒரு திசைவி ஒவ்வொரு நொடியும் எண்ணற்ற முறை செய்யும் கணக்கு இதுவே. உயர்நிலைப் பள்ளி மாணவர் கைவிரலால் செய்யத்தக்க எளிய கணக்கு அது.

கருவிகளுக்கு எண் வழங்குதல்

தொகுதியைப் பிரித்த பின், ஒவ்வொரு கருவிக்கும் எண்ணைச் சூட்டுதல் வேண்டும். முற்காலத்தில் இஃது ஆள் கையாலேயே நடைபெற்றது. பொறுப்பாளர் ஒருவர் கருவி கருவியாகச் சென்று எண்ணைப் பதிந்து, அதனைத் தம் ஏட்டிலும் குறித்துக்கொள்வார். ஒரே எண் இரு கருவிகளுக்கு வழங்கப்பட்டால் இரண்டும் ஒழுங்காக இயங்கா. மாஸ்க் தவறானால் பக்கத்து அறைக் கருவியும் வேற்றூராகத் தோன்றும். வாயில் எனப்படும் திசைவியின் எண் தவறானால் உட்பிரிவுக்குள் பேச இயலுமேயன்றி வெளியுலகை எட்ட இயலாது.

கருவிகள் பெருகவே இப்பணி தாங்கொணாச் சுமையாயிற்று. கருவியே கேட்டு எண்ணைப் பெறும் பூட்பி என்னும் முறை 1985இல் வெளிவந்தது. 1993இல் அதன் வளர்ச்சியாக டி.எச்.சி.பி. தோன்றியது. இம்முறையில் எண் சொந்தமாக வழங்கப்படுவதில்லை. குறித்த காலத்துக்குக் குத்தகையாக வழங்கப்படுகிறது. காலம் முடிந்ததும் புதுப்பிக்காவிடில் எண் பொதுக்கிடங்கிற்குத் திரும்பும். திசைவிக்கும் அச்சுப்பொறிக்கும் நிலையான எண், வந்துபோகும் கருவிகளுக்குக் குத்தகை எண் என்பது இன்றைய வழக்கம். ஓர் எண்ணைப் பலர் காலமறிந்து பகிர்ந்துகொள்ளலாம் என்ற கருத்து இங்கே வேரூன்றியதைக் காண்கிறோம்.

நிலைத்த கோடு நீங்கியது

துணைப்பிணையம் நிறுவனத்தின் உள்ளே ஒழுங்கைத் தந்தது. வெளியுலகிலோ மூன்று வகுப்புகளே ஆட்சி செய்தன. 2,000 கருவிகள் உள்ள ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். 'சி' வகுப்பின் 256 எண்கள் அதற்குப் போதா. எனவே அது 'பி' வகுப்பை நாடும். 65,536 எண்களைப் பெற்று 2,000ஐப் பயன்படுத்தும். நூற்றுக்கு 97 பங்கு வீணாகும். பெரும்பாலான நிறுவனங்கள் இத்தகைய நடுத்தர அளவினவாகவே இருந்தன. 'பி' வகுப்பில் இருந்தவை 16,384 வலைகளே. 1990களின் தொடக்கத்தில் அவை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. கோடிக்கணக்கான எண்கள் வாளா கிடக்கையிலேயே பஞ்சம் வாயிலில் நின்றது.

1993ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 1519 வெளிவந்தது. அதனை இயற்றியோர் வின்ஸ் ஃபுல்லர், டோனி லீ, ஜெசிகா யூ, கண்ணன் வரதன் ஆகிய நால்வர். வகுப்பு முறையை அவர்கள் அடியோடு நீக்கினர். கோடு எவ்விடத்திலும் விழலாம். எங்கே விழுகிறது என்பதை முகவரியோடு சேர்த்து எழுதினால் போதும். நாம் மேலே கண்ட பள்ளியின் இரண்டாம் பிரிவை 192.168.10.64/26 என்று எழுதுவது இம்முறையினாலேயே. 26 என்பது கோட்டிற்கு முன்னுள்ள பிட்டுகளின் எண்ணிக்கை. 2,000 கருவிகளுடைய நிறுவனத்திற்கு இனி 65,536 எண்கள் வேண்டா. /21 என்னும் தொகுதியின் 2,048 போதும். அன்றியும், அடுத்தடுத்துள்ள பல தொகுதிகளை ஒரே பெயரால் குறிக்கவும் வழி பிறந்தமையால் திசைவிகளின் சுமையும் குறைந்தது. நிறுவனத்தின் உள்ளே 1985இல் செய்த பங்கீட்டை, 1993இல் உலகமே தனக்குச் செய்துகொண்டது எனலாம்.

இதனோடு மற்றோர் ஏற்பாடும் துணை நின்றது. உள்வலைகளில் எவரும் பயன்படுத்திக்கொள்ளத்தக்க சில தொகுதிகள் 1996ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 1918 வழியாக உறுதி செய்யப்பட்டன. 192.168 என்று தொடங்குபவை அவற்றுள் அடங்கும். 10 என்று தொடங்கும் தொகுதியும் அவற்றுள் ஒன்று. அது 1990இல் மூடப்பட்ட ஆர்ப்பாநெட்டுக்கு உரியதாக இருந்த எண். மறைந்துபோன முன்னோரின் நிலம் ஊர்ப் பொதுவானது போல, அவ்வெண் இன்று உலகின் எண்ணிறந்த வீடுகளிலும் அலுவலகங்களிலும் பயன்படுகிறது. உள்ளெண்கள் பலவற்றை ஒரே வெளியெண்ணால் மறைத்து அனுப்பும் முகவரி மாற்று முறை 1994இல் ஆவணமாயிற்று. ஒரு வீட்டிலுள்ள பத்துக் கருவிகள் ஒரே வெளியெண்ணால் உலகை எட்டுவது இதனாலேயே.

பிந்தி வந்தோர் பங்கு

முறை திருந்தியதே தவிர, முன்னே வழங்கப்பட்டவை தாமே திரும்பி வந்துவிடவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 18 என்று தொடங்கும் தொகுதி முழுவதையும் வைத்திருந்தது. ஸ்டான்ஃபோர்டு 36 என்று தொடங்கும் தொகுதியை வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு கோடியே 67 இலட்சத்திற்கு மேற்பட்ட எண்கள். துணைப்பிணையம் பிறந்த ஸ்டான்ஃபோர்டு, 2000ஆம் ஆண்டில் தன் தொகுதியைப் பொதுக்கிடங்கிற்குத் திருப்பி அளித்தது. அது போற்றத்தக்க செயல். மாசசூசெட்ஸ் கழகம் தன் தொகுதியில் ஒரு கோடியே 40 இலட்சம் எண்கள் பயன்படாமல் கிடப்பதாக 2017இல் அறிவித்து, அவற்றில் ஒரு பகுதியை விற்றது. வேண்டியபோது வழங்கப்பட்ட எண், விலைபெறும் சரக்காகிவிட்ட காலம் அது.

நாம் வாழும் பகுதிக்கு எண் வழங்கும் நிறுவனம் ஏப்னிக். அது 1993இல் தோக்கியோவில் முன்னோட்டமாகத் தொடங்கப்பெற்றது; பின்னர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கு மாறியது. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, சீனா, இந்தோனேசியா ஆகிய நாடுகளெல்லாம் அதன் எல்லைக்குள் அடங்கும். உலக மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாழும் பகுதி அது. 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், உலகப் பொதுக்கிடங்கில் எஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகள், வட்டாரத்திற்கு ஒன்றாக ஐந்து வட்டார நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டன. ஏப்னிக் அவ்வாண்டு ஏப்ரல் 15ஆம் நாளே தன் இறுதித் தொகுதியைத் தொட்டது. ஐந்து வட்டாரங்களுள் முதன்முதல் அந்நிலையை எய்தியது நம் வட்டாரமே.

அவ்விறுதித் தொகுதியிலிருந்து விண்ணப்பித்த ஒவ்வோர் உறுப்பினருக்கும் தொடக்கத்தில் 1,024 எண்களே உச்சவரம்பாக இருந்தது. ஒரு 'ஏ' வகுப்புத் தொகுதியில் இத்தகைய பங்குகள் 16,384 அடங்கும். முன்னே வந்த ஒருவர் பெற்றதைப் பின்னே வந்த பதினாறாயிரம் பேர் பகிர்ந்துகொள்ளும் நிலை இது. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. வழங்கியவர்கள் நல்லவர்கள்; பெற்றவர்களும் வஞ்சகர் அல்லர். ஆயினும் இன்னும் வராதவர்க்கு எவரும் பங்கு ஒதுக்கி வைக்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் நல்ல பங்கீட்டைத் தந்துவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வரலாறு தரும் படிப்பினை

இவ்வின்னலை முன்னுணர்ந்த அறிஞர்கள் 1995ஆம் ஆண்டு டிசம்பரிலேயே ஆறாம் பதிப்பு நெறிமுறையை வெளியிட்டனர். அதில் முகவரி 128 பிட் நீளமுடையது. 1977இல் சிலர் வேண்டியதும் அதே நீளந்தான். அதன் மொத்த எண்கள் 39 இலக்கங்களில் எழுதத்தக்கவை. ஒரு நிறுவனத்திற்கு /48 தொகுதி கிடைத்தால், 65,536 துணைப்பிணையங்களை அமைக்கலாம். 2012ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் அதன் உலகளாவிய தொடக்கம் நிகழ்ந்தது. இன்று இரு பதிப்புகளும் அருகருகே இயங்குகின்றன. எண்கள் இத்துணைப் பெருகிய பின்னும் துணைப்பிணையம் தேவையற்றுப் போகவில்லை என்பது கருதத்தக்கது. சிக்கனத்திற்காகப் பிறந்த பிரிவு, இன்று ஒழுங்கிற்கும் பாதுகாப்பிற்கும் உரிய பிரிவாக நிலைத்துவிட்டது.

இவ்வரலாற்றைத் தமிழாசிரியர்களும் மாணவர்களும் அறிதல் வேண்டும் எனக் கருதுவதற்கு இரண்டு காரணங்கள் உள. முதலாவது, இரும எண்ணும் பங்கீட்டுக் கணக்கும் தமிழில் கற்பிக்க இயலாத அரிய பொருள்கள் அல்ல. ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் இருந்தால், உலகத் திசைவிகளின் கணக்கை நம் வகுப்பறையிலேயே செய்து காட்டலாம்.

இரண்டாவது காரணம் இதனினும் பெரிது. பொதுப்பொருளைப் பங்கிடும் பொறுப்பு நம் அனைவர்க்கும் எங்கேனும் ஓரிடத்தில் வந்து சேர்கிறது. பள்ளி நூலகத்தின் நூல்களாயினும், சங்கத்தின் நிதியாயினும், உதவித் தொகையாயினும் நிலைமை ஒன்றே. வந்திருப்பவரின் தேவையை அளந்து வழங்குதல் வேண்டும். வழங்கிய முறை பொருந்தாதபோது கோட்டை நகர்த்தும் துணிவு வேண்டும். வரவிருப்பவர்க்கும் ஒரு பங்கு இருக்கிறது என்ற நினைவு வேண்டும். 429 கோடி எண்களின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவேயாகும்.